கணக்குத் துறையில் சோர்ந்து போகாமல் மேலே வர: மாதக் கெடு முதல் அடுத்த வேலை வரை முழுமையான வழிகாட்டி

பி.காம் முடித்து ஆடிட்டர் ஆபீஸிலோ கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் பிரிவிலோ சேர்கிறவர்களுக்கு, இரண்டு மூன்று வருடத்தில் ஒரு அலுப்பு வந்து ஒட்டிக்கொள்கிறது. ஜிஎஸ்டி ரிட்டர்ன் கெடுவான 11-ம் தேதி, 20-ம் தேதி, மறுபடி 11-ம் தேதி என்றே மாதங்கள் ஓடும். சம்பளம் பெரிதாக ஏறியிருக்காது. கூடப் படித்தவர் எங்கோ போயிருப்பார். "இன்னும் ஆர்வமாக வேலை பார்" என்று யார் சொன்னாலும் இந்த அலுப்பு போகாது. வேலை நாளை அடுக்கியிருக்கும் விதத்தை மாற்றினால் போகும். அதை எப்படிச் செய்வது என்பதைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறோம். தமிழ்நாட்டில் டேலி (கணக்கு மென்பொருள்), ஜிஎஸ்டி, டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வருமான வரி) என்று தினமும் கைவைப்பவர்களை மனதில் வைத்து எழுதியது இது.

1. அலுப்பு எந்த வகை என்று முதலில் பாருங்கள்

சோர்வு என்று பொதுவாகச் சொல்வதில் மூன்று வெவ்வேறு விஷயங்கள் கலந்திருக்கும். ஒரே மாதிரி என்ட்ரி போட்டுப் போட்டு வரும் சலிப்பு ஒன்று. தாங்க முடியாத அளவு வேலை குவிவதால் வரும் களைப்பு இன்னொன்று. அடுத்து எங்கே போவது என்று தெரியாத தேக்கம் மூன்றாவது. ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் மற்றதற்கு உதவாது. களைத்துப்போனவர் புதிய கோர்ஸில் சேர்ந்தால் இரண்டே மாதத்தில் கோர்ஸும் நிற்கும், கட்டிய பணமும் போகும்.

கண்டுபிடிக்க ஒரு எக்ஸெல் ஷீட் போதும். 1-ம் தேதி தொடங்கி ஒரு முழு மாதம், என்ன வேலை, எத்தனை மணி நேரம் என்று எழுதுங்கள். பக்கத்தில் வகையைக் குறியுங்கள்: பதிவு, சரிபார்ப்பு, விளக்கம், அலைச்சல். பில் போடுவது பதிவு. பேங்க் ரெக்கன்சிலேஷன், அதாவது வங்கி ஸ்டேட்மென்ட்டையும் நம் கணக்கையும் ஒத்துப்பார்ப்பது, சரிபார்ப்பு. முதலாளிக்கோ ஆடிட்டருக்கோ கணக்கைப் புரியவைப்பது விளக்கம். பில்லைக் கேட்டு பார்ட்டிக்கு (வாடிக்கையாளருக்கு) நான்கு முறை போன் செய்வது, ஓடிபிக்காகக் காத்திருப்பது எல்லாம் அலைச்சல்.

மாத முடிவில் கூட்டிப் பாருங்கள். அலைச்சல் கால் பங்கைத் தாண்டினால் நீங்கள் வேலை பார்க்கும் முறையில் ஓட்டை இருக்கிறது. படி 2, 3 உங்களுக்கு. பாதிக்கு மேல் பதிவு என்றால் படி 4. இரண்டும் சரியாக இருந்தும் மனம் ஒட்டவில்லை என்றால் படி 5-க்குப் போங்கள். பாதி மாதத்துக்கு மட்டும் எழுதினால் கணக்கு தவறும். இந்த வேலையில் மாதத்தின் முதல் பாதியும் பின் பாதியும் ஒன்றுபோல இருப்பதில்லை.

2. மாதத்தை உங்கள் கைக்குள் கொண்டுவாருங்கள்

சட்டப்படியான கெடு எல்லோருக்கும் தெரியும்: 7-ம் தேதி டிடிஎஸ், 11 ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம்), 15 பிஎஃப், இஎஸ்ஐ, 20 ஜிஎஸ்டிஆர்-3பி (வரியைக் கணக்கிட்டுக் கட்டும் ரிட்டர்ன்). காலாண்டு ரிட்டர்ன் போடுகிறவர்களுக்குத் தமிழ்நாட்டில் 3பி 22-ம் தேதி. இவற்றையே வேலை முடிக்கும் நாளாக வைத்துக்கொள்வதுதான் தவறு. உங்கள் கெடு ஓரிரு நாள் முன்னால் இருக்க வேண்டும். நடைமுறைக்கு ஒத்துவரும் ஒரு வரிசை இது:

- 1 முதல் 4 வரை: வங்கி ஸ்டேட்மென்ட் இறக்கி ரெக்கன்சிலேஷன். எதற்கு என்று தெரியாமல் சஸ்பென்ஸில் கிடப்பதை அன்றே கேட்டு முடிப்பது.
- 5: டிடிஎஸ் சலான் தொகையைச் சொல்லிவிடுவது. 6-ம் தேதிக்குள் கட்டுவது.
- 9: ஜிஎஸ்டிஆர்-1 தயார். கிரெடிட் நோட், எச்எஸ்என் (சரக்கு வகைக் குறியீடு) விவரம் உட்பட.
- 14: ஜிஎஸ்டிஆர்-2பி (சப்ளையர்கள் ஏற்றிய பில்களை வைத்து போர்ட்டல் தரும் பட்டியல்) வரும் நாள். 15, 16 இரண்டு நாளும் நம் பர்ச்சேஸோடு ஒப்பீடு.
- 16 மாலை: கட்ட வேண்டிய வரி எவ்வளவு என்று முதலாளிக்கு எழுத்தில்.
- 18: 3பி.

16 மாலை என்பதை விட்டுக்கொடுக்காதீர்கள். 3பி தாமதமாவதற்குப் பல இடங்களில் காரணம் கணக்கு முடியாதது கிடையாது; பணம் தயாராக இல்லாததுதான். 20-ம் தேதி மதியம் "மூன்று லட்சம் கட்டணும்" என்று சொன்னால் முதலாளி கோபப்படுவார், நீங்களும் இரவு வரை உட்கார்ந்திருப்பீர்கள். நான்கு நாள் முன்பே சொல்லியிருந்தால் பொறுப்பு அவர் கைக்குப் போய்விடும்.

டிடிஎஸ்ஸில் ஒரு நாள் தாமதம் எவ்வளவு தின்னும் என்பதையும் தெரிந்துவைத்திருங்கள். பிடித்த வரியைத் தாமதமாகக் கட்டினால் மாதத்துக்கு 1.5 சதவீதம் வட்டி. மாதத்தின் ஒரு பகுதியும் முழு மாதமாகவே எண்ணப்படும். ஜனவரியில் பிடித்ததை பிப்ரவரி 7-க்குப் பதில் 8-ம் தேதி கட்டினால் ஜனவரி, பிப்ரவரி இரண்டும் கணக்கில் வந்து 3 சதவீதம் போடப்படும். முதலாளியிடம் இதை ரூபாயில் காட்டுங்கள். அடுத்த மாதத்திலிருந்து சலான் நேரத்துக்குக் கிளம்பும்.

21-க்குப் பிறகு கிடைக்கும் எட்டு ஒன்பது நாள்தான் உங்கள் வளர்ச்சிக்கான நாட்கள். படிப்பு, விடுப்பு, புதிய வேலை பழகுவது எல்லாம் அதற்குள் வர வேண்டும். விட்டுப்போன என்ட்ரி போட்டே அந்த நாட்களைக் கழித்தால் அடுத்த மாதமும் இதே மாதம்தான். தினமும் காலை முதல் முக்கால் மணி நேரம் முந்தைய நாள் பில்லைப் போட்டு முடித்துவிட வேண்டும்.

வருடத்துக்கும் இதே கதைதான். செப்டம்பர் 30 டாக்ஸ் ஆடிட், அக்டோபர் 31 ஆடிட் உள்ளவர்களின் வருமான வரி ரிட்டர்ன், டிசம்பர் 31 ஜிஎஸ்டி வருடாந்திர ரிட்டர்ன். தேதி தள்ளிப்போகும் என்று நம்பி வேலையைத் தள்ளுகிறவர்கள் மிகவும் அடிபடுகிறார்கள். 2025-ல் ஆடிட் இல்லாதவர்களின் வருமான வரி ரிட்டர்னுக்கு ஜூலை 31 செப்டம்பர் 15 ஆனது. கடைசியில் இன்னும் ஒரே ஒரு நாள் கூடியது. கூடக் கிடைத்த ஆறு வாரத்தை விட்டுவிட்டு அந்த ஒரு நாளுக்காகக் காத்திருந்த ஆபீஸ்கள் நிறைய. நீட்டிப்பு வந்தால் அது லாபம், அவ்வளவுதான். அதை வைத்துத் திட்டம் போடாதீர்கள்.

3. உங்கள் போன் நம்பரைப் பார்ட்டியின் கணக்கில் கொடுக்காதீர்கள்

சிறிய விஷயமாகத் தெரியும், ஆனால் பல கணக்காளர்களின் நிம்மதியைக் கெடுப்பது இதுதான். ஜிஎஸ்டி, வருமான வரி, பிஎஃப் என்று எல்லா லாகினிலும் வசதிக்காகத் தங்கள் மொபைல் எண்ணையும் ஈமெயிலையும் கொடுத்துவிடுகிறார்கள். பிறகு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நிற்கும்போது ஓடிபி கேட்டு போன் வரும். வேலையை விட்ட பிறகும் நோட்டீஸ் உங்களுக்கே வந்துகொண்டிருக்கும். பார்க்காமல் விட்டால் பழியும் உங்கள் மேல்தான்.

நிறுவனத்தின் பெயரில் ஒரு சிம், ஒரு ஈமெயில் வாங்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே உங்கள் எண் இருந்தால், ஜிஎஸ்டி போர்ட்டலில் ஆதரைஸ்டு சிக்னேட்டரி (நிறுவனத்துக்காகக் கையெழுத்திடுபவர்) விவரத்தைத் திருத்தும் வசதி இருக்கிறது. மாதம் இரண்டு பார்ட்டி என்று மாற்றிக்கொண்டே வாருங்கள். பார்ட்டியின் டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன் (மின்கையெழுத்து உள்ள யுஎஸ்பி) உங்கள் மேசை டிராயரில் இருந்தால், ஒவ்வொரு முறை பயன்படுத்தும் முன்பும் வாட்ஸ்அப்பில் ஒரு ஒப்புதல் வரி வாங்கி வையுங்கள்.

4. பதிவு போடுகிறவரிலிருந்து பதில் சொல்கிறவராக மாறுங்கள்

வங்கி ஸ்டேட்மென்ட்டை மென்பொருளே இழுத்துக்கொள்கிறது. பில்லைப் படம் பிடித்தால் என்ட்ரியாக மாற்றும் கருவிகளும் வந்துவிட்டன. வெறும் பதிவுக்கு இனி விலை ஏறாது. ஆனால் கணக்கைப் பார்த்து "இதில் இவ்வளவு பணம் மாட்டிக்கொண்டிருக்கிறது" என்று சொல்லத் தெரிந்தவருக்கு எந்த ஊரிலும் மதிப்பு உண்டு. வேலையில் சுவை வருவதும் அங்கேதான். தொடங்க நல்ல இடம் 2பி ஒப்பீடு.

டேலிபிரைமிலேயே அந்த வசதி இருக்கிறது. இருந்தாலும் மூன்று மாதமாவது எக்ஸெலில் கையால் செய்யுங்கள். அப்போதுதான் எங்கே ஏன் உடைகிறது என்று தெரியும். பர்ச்சேஸ் ரெஜிஸ்டரை எக்ஸெலாக இறக்குங்கள், போர்ட்டலிலிருந்து 2பி ஃபைலையும் இறக்குங்கள். இரண்டிலும் பில் எண்ணைச் சுத்தம் செய்ய வேண்டும். நீங்கள் "045" என்று போட்டிருப்பீர்கள், சப்ளையர் "எஸ்/45/25-26" என்று போட்டிருப்பார். முன்னால் வரும் பூஜ்யம், கோடு, வருடம் எல்லாவற்றையும் நீக்கி, ஜிஎஸ்டி எண்ணோடு ஒட்டி ஒரே சாவியாக்குங்கள். அந்தச் சாவியை வைத்து எக்ஸெலின் எக்ஸ்லுக்அப் (தேடும் ஃபார்முலா) போடுங்கள். வரித்தொகையில் ஒரு ரூபாய் வரை வித்தியாசத்தை விட்டுவிடலாம்.

இப்போது பில்கள் நான்கு குவியலாகப் பிரியும். பொருந்தியவை. தொகை மாறியவை. 2பி-யில் இருந்து நம் கணக்கில் இல்லாதவை: இது பெரும்பாலும் ஸ்டோரிலோ வண்டியிலோ கிடக்கும் பில், சில நேரம் நம்முடையதே இல்லாத பில். நான்காவது குவியல்தான் முக்கியம்: நம் கணக்கில் இருந்து 2பி-யில் வராதவை. காரணங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சப்ளையர் காலாண்டு ரிட்டர்ன் போடுகிறவராக இருந்து, இடைப்பட்ட மாதத்தில் பில் விவரத்தை ஏற்றாமல் விட்டிருப்பார். நம் ஜிஎஸ்டி எண்ணைத் தப்பாக அடித்திருப்பார். ஜிஎஸ்டி எண் இல்லாதவருக்கு விற்றதாக பி2சி-யில் போட்டிருப்பார். அல்லது ரிட்டர்னே போடாமல் இருப்பார்.

ஒவ்வொரு காரணத்தையும் பில்லுக்கு எதிரே எழுதி, சப்ளையர் வாரியாகக் கூட்டி, ஒரே பக்கத்தில் முதலாளி மேசையில் வையுங்கள். 4 லட்சம் ரூபாய் சரக்குக்கு 18 சதவீதத்தில் 72,000 ரூபாய் வரியை கிரெடிட்டாக, அதாவது நாம் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ள, எடுக்க முடியாமல் நிற்கிறது என்று காட்டினால், அந்த சப்ளையரின் அடுத்த பேமென்ட்டை நிறுத்தி வைப்பதா என்று உங்களிடம்தான் கேட்பார். அந்த நிதியாண்டின் கிரெடிட்டை எடுக்க அடுத்த நவம்பர் 30 அல்லது வருடாந்திர ரிட்டர்ன் போடும் நாள், எது முந்தியதோ அதுவரைதான் நேரம் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள்.

இதேபோல இன்னொன்று: குறு, சிறு உற்பத்தியாளர்களுக்கும் சேவை தருபவர்களுக்கும் எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள், இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும், தாண்டினால் அந்தச் செலவு பணம் கொடுக்கும் வருடத்தில்தான் கழிவாகும். கிரெடிட்டர் லெட்ஜரில் உத்யம் எண் (குறு, சிறு தொழில் பதிவு எண்) வாங்கிக் குறித்து, பிப்ரவரியிலேயே பட்டியல் கொடுக்கிறவர் ஆடிட்டர் சொல்வதற்கு முன் சொன்னவர் ஆகிறார்.

5. எந்தப் பக்கம் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

ஆடிட்டர் ஆபீஸில் பலவகைத் தொழிலைப் பார்க்கலாம். எதையும் ஆழமாகப் பார்க்க நேரம் இருக்காது. மூன்று வருடத்துக்கு மேல் இருப்பதானால் ரிட்டர்ன் போடும் மேசையிலிருந்து ஆடிட்டுக்கும் நோட்டீஸ் பதிலுக்கும் மாறக் கேளுங்கள். கேட்டும் தராத இடத்தில் நான்காவது வருடம் இருக்க வேண்டாம்.

கம்பெனி அக்கவுண்ட்ஸில் ஊரின் தொழிலைப் பிடித்துக்கொள்ளுங்கள். திருப்பூரில் இருப்பவர் எல்யூடி (வரி கட்டாமல் ஏற்றுமதி செய்ய தரும் உறுதிமொழி), ஏற்றுமதி ரீஃபண்ட், டிராபேக் (ஏற்றுமதிக்குத் திரும்பத் தரும் சுங்க வரி), ஜாப்ஒர்க் (வெளியே கொடுத்துச் செய்விக்கும் வேலை) கணக்கு நான்கையும் முழுதாகத் தெரிந்துகொண்டால் அந்த ஊரில் வேலைக்கு அலைய வேண்டியதில்லை. எல்யூடியை ஒவ்வொரு நிதியாண்டுக்கும் புதிதாகப் போட வேண்டும், ரீஃபண்ட் கேட்க இரண்டு வருடம்தான் என்பது போன்ற சின்னச் சின்ன விஷயங்களைத் தவறவிடாத ஆளைத்தான் ஏற்றுமதியாளர்கள் தேடுகிறார்கள்.

சென்னை, கோவையில் இருக்கும் வெளிநாட்டு நிறுவனங்களின் கேப்பபிலிட்டி சென்டர்களில் (அந்நிறுவனங்களின் உள்வேலையை இங்கிருந்து செய்யும் அலுவலகங்கள்) சம்பளமும் வசதியும் நன்றாக இருக்கும். ஆபத்து வேறு: வேலையை மெல்லிய துண்டாக வெட்டிக் கொடுப்பார்கள். இன்வாய்ஸ் பிராசஸிங்கில் சேர்ந்தால் இரண்டு வருடத்துக்குள் உள்ளேயே ஆர்2ஆர் பக்கம், அதாவது ஜர்னல், அக்ருவல், மாத முடிப்பு நடக்கும் இடத்துக்கு மாறிவிட வேண்டும். நான்கைந்து வருடம் இன்வாய்ஸிலேயே இருந்துவிட்டால் வெளியே வந்து முழுக் கணக்கை முடிப்பது கஷ்டம்.

சொந்தமாகத் தொழில் செய்வதானால், மாதக் கட்டணம் ஒழுங்காகத் தரும் பத்துப் பார்ட்டிகளாவது கைவசம் வரும் வரை வேலையை விடாதீர்கள்.

6. தேர்வு எழுதுவதை வேலைக் காலண்டரோடு சேர்த்துத் திட்டமிடுங்கள்

சிஏ, சிஎம்ஏ (காஸ்ட் அக்கவுண்டன்ட் படிப்பு) எதுவானாலும் வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது எந்த அட்டெம்ப்ட் என்பதை. சிஎம்ஏ தேர்வு ஜூன், டிசம்பர் என்று வருடம் இரண்டு முறை. ஆடிட் வேலையில் இருப்பவருக்கு டிசம்பர் மோசம்: ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை புத்தகம் திறக்க முடியாது. ஜனவரியில் தொடங்கி ஜூனில் எழுதுங்கள். வாரம் 10 மணி நேரம் என்றால் 22 வாரத்தில் 220 மணி நேரம். ஒரு குரூப்புக்கு இதுவே இறுக்கம்தான். இரண்டு குரூப்பையும் சேர்த்து எழுத ஆசைப்பட வேண்டாம்.

சிஏ இன்டர் தேர்வு ஜனவரி, மே, செப்டம்பர் என்று மூன்று முறை நடக்கிறது. வேலையில் இருப்பவர்கள் செப்டம்பரை விட்டுவிடலாம். பட்டப்படிப்பில் காமர்ஸ் மாணவர் 55 சதவீதம், மற்றவர் 60 சதவீதம் வாங்கியிருந்தால் ஃபவுண்டேஷன் இல்லாமல் நேராக இன்டரில் சேரலாம். ஆர்டிகிள்ஷிப், அதாவது ஆடிட்டரிடம் பெறும் கட்டாயப் பயிற்சி, இப்போது இரண்டு வருடம். வேலையை விட்டு ஆர்டிகிள் சேர்ந்தால் வருவது ஸ்டைபெண்ட் மட்டுமே. வீட்டுச் செலவுக்கு அது போதாது என்பதால், அந்த இரண்டு வருடச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

தோற்பவர்களில் நிறையப் பேர் அக்ரிகேட்டில் தோற்கிறார்கள். தாளுக்கு 40, மொத்தத்தில் 50 சதவீதம் வேண்டும். 46, 48, 52 வாங்கினால் ஒவ்வொரு தாளிலும் பாஸ். கூட்டினால் 146, வேண்டியது 150. அதனால் எல்லாத் தாளையும் சமமாகப் படிக்காமல், கைவரும் ஒரு தாளை 60-க்கு மேல் கொண்டுபோகப் படியுங்கள். அது மற்ற தாள்களைத் தூக்கிவிடும். குரூப் போனாலும் எக்ஸெம்ப்ஷன், அதாவது அந்தத் தாளை மறுபடி எழுத வேண்டாம் என்ற சலுகை, நிற்கும். ஆனால் குரூப்பின் எல்லாத் தாளையும் எழுதியிருந்தால்தான் எக்ஸெம்ப்ஷன். முதல் தாள் சொதப்பிவிட்டது என்று மூன்றாம் தாளுக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

தேர்வு எழுதாதவர்களும் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த 2025-ம் வருட வருமான வரிச் சட்டத்தை உட்கார்ந்து படிக்க வேண்டும். 194சி, 194ஜே என்று மனப்பாடமாக இருந்த டிடிஎஸ் பிரிவுகள் எல்லாம் 393-க்குள் போய்விட்டன. சம்பளத்துக்கு மட்டும் 392. அசெஸ்மென்ட் வருடம் என்ற பேச்சே போய், வரி வருடம் வந்துவிட்டது. இருபது வருட அனுபவஸ்தரும் நேற்றுச் சேர்ந்தவரும் ஒரே வரிசையில் நின்று படிக்க வேண்டிய அபூர்வமான நேரம் இது. இளையவர்கள் முந்த நல்ல வாய்ப்பு.

7. செய்ததை எழுதி வையுங்கள், பிறகு சம்பளம் கேளுங்கள்

"டேலி என்ட்ரி, ஜிஎஸ்டி ஃபைலிங் தெரியும்" என்று ரெஸ்யூமேயில் எழுதினால் கூட்டத்தோடு கூட்டமாகிவிடுவீர்கள். "மாதம் 600 பர்ச்சேஸ் பில், மூன்று ஜிஎஸ்டி பதிவு, 2பி ஒப்பீடு செய்து நின்றுபோன கிரெடிட்டை மீட்டது, மாத முடிப்பை 12-ம் தேதியிலிருந்து 6-ம் தேதிக்குக் கொண்டுவந்தது" என்று எழுதினால் கூப்பிடுவார்கள். இதற்கு ஒவ்வொரு மாதமும் 21-ம் தேதி மூன்று வரி எழுதி வைத்திருக்க வேண்டும். வருடக் கடைசியில் யோசித்தால் ஞாபகம் வராது. பார்ட்டி பெயரை மட்டும் வெளியே சொல்லக் கூடாது.

ஏப்ரலில் இன்கிரிமென்ட் தரும் இடத்தில் மார்ச் கடைசியில் கேட்டுப் பயனில்லை, அதற்குள் முடிவாகியிருக்கும். ஜனவரி கடைசி வாரம், 3பி முடிந்த பிறகு, அந்த வருடக் குறிப்பை ஒரு பக்கமாக்கிக் கொடுத்துப் பேசுங்கள். எவ்வளவு வேண்டும் என்று தொகையாகவே சொல்லுங்கள். "பார்த்துச் செய்யுங்க சார்" என்றால் அவர் பார்த்துத்தான் செய்வார்.

8. விலக வேண்டிய இடமும், விலகும் முறையும்

பொருள் வராத பில்லுக்கு கிரெடிட் எடுக்கச் சொல்வது, முடிந்த வருடத்தில் பின்தேதி வவுச்சர் போடச் சொல்வது, உங்கள் சொந்த வங்கிக் கணக்கில் பணத்தைச் சுற்றவிடச் சொல்வது. இந்த மூன்றில் எது வந்தாலும் மறுத்துவிடுங்கள். கம்பெனிகளுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் எடிட் லாக் உள்ள மென்பொருள் கட்டாயம். யார் லாகினில் எப்போது மாற்றினார்கள் என்பது அதில் அப்படியே நிற்கும். வாய்வழியாகச் சொன்னால் "நீங்கள் சொன்னபடி இதைச் செய்யவா?" என்று ஈமெயிலில் கேளுங்கள், பெரும்பாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும். நிற்காமல் தொடர்ந்தால் வேறு வேலை தேடத் தொடங்குங்கள்.

விலகுவதற்கு நல்ல நேரம் நவம்பரும் ஜனவரி, பிப்ரவரியும். செப்டம்பர் ஆடிட் நடுவில் விட்டுப்போனவர் என்ற பேச்சு சின்ன ஊரில் பல வருடம் ஓடும். ஒப்படைக்கும்போது கடைசியாக முடித்த ரெக்கன்சிலேஷன் தேதி, நிலுவையில் உள்ள நோட்டீஸ், பாஸ்வேர்டு பட்டியல், டோக்கன்கள் ஆகியவற்றை எழுதி, வாங்கியவர் கையெழுத்தோடு ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். பிஎஃப் பணத்தை எடுக்காமல் அதே யுஏஎன் எண்ணில் (வேலை மாறினாலும் மாறாத பிஎஃப் எண்) மாற்றுங்கள். ஐந்து வருடத் தொடர் சேவைக்கு முன் எடுத்தால் வரி வரும். பழைய நிறுவனம் விலகிய தேதியைப் பதிந்துவிட்டதா என்று இரண்டு மாதம் கழித்துப் பாருங்கள்.

புதிய இடத்தில் சேர்ந்த முதல் வாரம் டேலியைத் தொடும் முன் மூன்று விஷயம் பாருங்கள். போன வருட ஆடிட் பேலன்ஸ் ஷீட்டும் டேலியின் ஓப்பனிங் பேலன்ஸும் பொருந்துகிறதா? வங்கி ரெக்கன்சிலேஷன் கடைசியாக எந்தத் தேதி வரை நடந்திருக்கிறது? ஜிஎஸ்டி போர்ட்டலில் வழக்கமான நோட்டீஸ் பக்கத்தைத் தவிர, கூடுதல் நோட்டீஸ்கள் என்று தனியாக ஒரு பக்கம் இருக்கிறது. அதற்குள் யாரும் திறக்காத ஆர்டர் ஏதாவது கிடக்கிறதா? அப்பீலுக்கு மூன்று மாதம்தான் நேரம் என்பதால், கிடந்தால் அன்றைக்கே தேதியோடு முதலாளிக்கு ஈமெயில் அனுப்பிவிடுங்கள்.